கெமராவை மாற்றுமுன் லென்ஸ் கணக்கைப் பாருங்கள்

தொழிலுக்குப் புதிய இயந்திரம் ஒன்றை வாங்கும்போது அதன் விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது எம்மில் பலரது வழக்கம். அதனோடு சேர்ந்து இயங்க வேண்டிய ஏனைய பொருட்களை நாம் கணக்கில் எடுப்பதில்லை. ஸ்டூடியோ நடத்தும் நானும் 2023ஆம் ஆண்டில் இத்தவறைச் செய்தேன்.

அப்போது என்னிடம் கெனன் 80டி கெமராவும் மூன்று லென்ஸ்களும் இருந்தன. இரவு நேரக் கலியாண வைபவங்களில் படங்கள் புள்ளி புள்ளியாக வந்தன. எனவே சேமிப்பில் பெரும்பகுதியைச் செலவிட்டு, பெரிய சென்சர் கொண்ட ஆர்6 மார்க் 2 கெமராவை வாங்கினேன். "அடப்டர் போட்டால் பழைய லென்ஸ் எல்லாம் வேலை செய்யும்" என்று கேள்விப்பட்டிருந்தேன். மேற்கொண்டு எதையும் விசாரிக்கவில்லை.

கேள்விப்பட்டது பொய்யல்ல. கெனனின் ஈஎஃப் பொருத்து முறை 1987இலும், புதிய ஆர்எஃப் முறை 2018இலும் வந்தன. லென்ஸ் பொருந்தும் இடத்திலிருந்து சென்சர் வரையான தூரம் பழையதில் 44 மி.மீ., புதியதில் 20 மி.மீ. இந்த 24 மி.மீ. வித்தியாசத்தை நிரப்பி, மின் தொடர்பைக் கடத்துவதே அடப்டரின் வேலை. சாதாரண அடப்டரின் உள்ளே கண்ணாடி இல்லை. ஆகவே தெளிவு குறைவதில்லை.

நான் கவனிக்காத விடயம் வேறு. எனது மூன்று லென்ஸ்களில் இரண்டு ஈஎஃப் வகை. நான் அதிகம் பாவிக்கும் 17-55 லென்ஸ் ஈஎஃப்-எஸ் வகை. சிறிய சென்சருக்காகச் செய்யப்பட்டது. அதைப் பொருத்தியதும் புதிய கெமரா சென்சரின் நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்தும். 24 மெகாபிக்சல் கெமரா ஏறத்தாழ 9 மெகாபிக்சல் படத்தையே தரும். வியூபைண்டரில் படம் நிறைவாகவே தெரிந்ததால் எனக்கு விளங்கவில்லை.

முதல் கலியாண அல்பத்திலேயே விளைவு தெரிந்தது. குடும்பப் படத்தை 36 அங்குல அகலத்தில் இரு பக்கங்களுக்கு விரித்திருந்தேன். "நானா, இந்தப் பக்கம் மட்டும் ஏன் தெளிவில்லை?" என்று மணமகனின் தகப்பனார் கேட்டார். பழைய கெமராவில் அதே லென்ஸ் 6000 புள்ளி அகலமான படத்தைத் தந்தது. புதியதில் 3744 மட்டுமே. கூலியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தேன். பின்னர் கடன்பட்டு இன்னொரு லென்ஸ் வாங்கினேன்.

நிக்கொன் பாவிப்போரும் கவனிக்க வேண்டும். 1959இல் வந்த எஃப் முறை லென்ஸ்களை 2018இல் வந்த இசட் கெமராக்களில் பொருத்த எஃப்டிஇசட் அடப்டர் உண்டு. ஆனால் அதில் மோட்டார் இல்லை. தன்னுள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையாலேயே ஃபோகஸ் செய்ய வேண்டும். ஓடியாடும் வைபவத்தில் அது இலகுவான காரியமல்ல.

எனவே கெமரா மாற்றுவோர் பின்வருவனவற்றைச் செய்வது நல்லது.

1. உங்கள் லென்ஸ்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எவ்வகை சென்சருக்குரியது என எழுதுங்கள்.

2. கடந்த சில வைபவங்களில் எந்த லென்ஸால் எத்தனை படங்கள் எடுத்தீர்கள் என்று பாருங்கள். படக் கோப்பிலேயே அவ்விபரம் பதிவாகியிருக்கும். அதிகம் உழைத்துத் தரும் லென்ஸுக்கே முதலிடம்.

3. கெமரா, அடப்டர், மாற்ற வேண்டிய லென்ஸ், மெமரி கார்ட், பெட்டரி ஆகிய எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதுவே உண்மையான விலை.

4. உங்கள் லென்ஸைக் கடைக்குக் கொண்டு சென்று படம் எடுத்து, கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள்.

இக்கணக்கை நான் முன்பே போட்டிருந்தால், 2022இல் வெளிவந்த ஆர்7 கெமராவையும் யோசித்திருப்பேன். அதன் விலை குறைவு, சென்சரும் சிறியது. எனது 17-55 லென்ஸ் அதன் 32 மெகாபிக்சலையும் முழுமையாகப் பயன்படுத்தியிருக்கும். மங்கிய ஒளியில் பெரிய சென்சரின் பலன் கிடைத்திராது என்பது உண்மை. ஆனால் 17-55 லென்ஸோடு பாவித்தபோது அந்தப் பலனும் எனக்கு முழுதாகக் கிடைக்கவில்லையே!

தையல் கடையானாலும் அச்சகமானாலும் இதுவே நிலைமை. புதியதை வாங்குமுன், கையில் உள்ள முதல் அதனோடு சேர்ந்து உழைக்குமா என்று பாருங்கள்.