காற்றோடு போட்டி போடும் சைக்கிள் பிரேம்

வேகமாக மிதிக்கும்போது நம் சக்தியில் பெரும்பகுதியைத் தின்பது காற்றுதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்கு. தேவைப்படும் திறனோ எட்டு மடங்கு! உருண்டைக் குழாய்க்குப் பின்னால் காற்று பிய்ந்து சுழன்று, குழாயைப் பின்னுக்கு இழுக்கும். அதனால்தான் பந்தய பிரேமின் குழாய்களை முன்பக்கம் மழுங்கி, பின்பக்கம் கூம்பும்படி செய்கிறார்கள்.

ஆனால் தடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஓட்டுகிறவர் உடம்பால் வருவது! 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கி.மீ. 50 வினாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட், முழங்கை ஊன்றும் நீட்டுக் கைப்பிடியில் குனிந்து ஓட்டினார். லோரான் ஃபின்யோன் சாதாரணக் கைப்பிடியில், ஹெல்மெட் இல்லாமல், குடுமி பறக்க வந்தார். மொத்தப் பந்தயத்தையும் லெமாண்ட் 8 வினாடியில் ஜெயித்துவிட்டார்!

அதுக்காக ரொம்பக் குனியவும் கூடாது. இடுப்பு மடங்கிப்போனால் மூச்சும் மிதியும் கெடும். கிராங்க் அச்சிலிருந்து ஹெட் டியூப் மேல்முனை எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னே என்று பார்த்துத்தான் ஆளுக்கேற்ற பிரேமை எடுக்க வேண்டும்.

எங்க அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. எதிர்க்காற்று என்றால் நெஞ்சு ஹேண்டிலில் படுகிற மாதிரி குனிவார். கேரியரில் உட்கார்ந்து, "காத்து பூரா என் மூஞ்சியில அடிக்குதுப்பா"ன்னு சண்டை போட்டிருக்கேன்.