வேதபாகங்களின் முதற்குறிப்புப் பெயர்கள்

ஔவையாரின் ‘ஆத்திசூடி’யை இளமையிற் கற்றோர் பலர். அந்நூலின் அறவுரைகளுள் ஆத்திமாலையைப் பற்றிய செய்தி யாதும் இல்லை. கடவுள் வாழ்த்தின் தொடக்கமே நூற்பெயராயிற்று. ‘கொன்றைவேந்தன்’ என்பதும் அத்தகையதே. ‘மூதுரை’யும் தன் முதற்சொல்லால் ‘வாக்குண்டாம்’ எனப்படும். இவ்வாறு தொடக்கத்தைக் கொண்டு ஒன்றைச் சுட்டுவதை முதற்குறிப்பு என்பர். யூதர் வாரந்தோறும் வாசிக்கும் வேதபாகங்களும் இம்முறையே பெயர் பெற்றிருத்தல் நோக்கத்தக்கது.

மோசேயின் ஐந்து ஆகமங்களையும் யூதர் 54 பாகங்களாக வகுத்துள்ளனர். ஒவ்வொரு பாகமும் ‘பாராஷா’ எனப்படும். ஓய்வுநாள்தோறும் ஜெபாலயத்தில் வாசித்து, ஓராண்டில் முடித்து, முடித்த அன்றே மீண்டும் ஆதியாகமத்தைத் தொடங்குவர். கொச்சியில் 1568-ஆம் ஆண்டு எழுப்பப்பெற்ற பரதேசி ஜெபாலயத்திலும் இவ்வேத வாசிப்பு தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்தது. நாம் இன்று வழங்கும் அதிகார எண்கள் 13-ஆம் நூற்றாண்டில் ஏற்பட்டவை. எண் இல்லாத சுருளில் இடங்காண, தொடக்கச் சொல்லே துணையாயிற்று.

ஆகமங்களின் எபிரெயப் பெயர்களும் இவ்வகையினவே. நாம் ‘யாத்திராகமம்’ என்பதை அவர்கள் ‘ஷெமோத்’, அதாவது ‘நாமங்கள்’ என்பர். நம் ‘எண்ணாகமம்’ அவர்க்கு ‘பெமித்பார்’, அதாவது ‘வனாந்தரத்தில்’ ஆகும். நூற்குப் பெயர் வருங் காரணங்களைத் தொகுத்த நன்னூலார், பொருளையும் இடுகுறியையும் அவற்றுள் வைத்தனர். நம் பெயர்கள் பொருளால் வந்தவை; அவர்தம் பெயர்கள் தொடக்கத்தால் வந்தவை.

அங்ஙனமாயின், இப்பெயர்களில் கருத்து யாதும் இல்லையோ எனின், ஈண்டு இரண்டையும் பகுத்தறிதல் வேண்டும். மோசேக்கு எதிராய் எழுந்த கோராகின் பெயரை ஒரு பாகம் தாங்குகிறது. இஸ்ரவேலரைச் சபிக்கும்படி பிலேயாமை அழைத்த மோவாபிய ராஜாவாகிய பாலாக்கின் பெயரை மற்றொன்று தாங்குகிறது. பெருமைப்படுத்தும் நோக்கத்தோடு பெயரிட்டிருப்பின், பகைவர்க்கு இவ்விடம் கிடைத்திராது. ஆகவே, பெயரிட்டோர் அடையாளமே கருதினர் என்பது தெளிவு.

ஆயினும், ஆண்டுதோறும் ஓதுவோர் அவ்வடையாளத்திலும் பொருள் கண்டனர். ‘ஹய்யே சாரா’ என்பதற்குச் ‘சாராளின் வாழ்நாள்’ என்பது பொருள். அப்பாகமோ 127 வயதில் அவள் மரித்ததையும், ஆபிரகாம் 400 சேக்கல் வெள்ளி கொடுத்து மக்பேலா என்னும் நிலத்தைக் கல்லறைக்கென வாங்கியதையும் சொல்லித் தொடங்குகிறது. யாக்கோபின் மரணத்தைக் கூறும் பாகத்தின் பெயர் ‘வயெகி’, அதாவது ‘அவன் ஜீவித்தான்’ என்பதாகும். சாவைச் சொல்லுமிடத்தில் வாழ்வின் பெயர் நிற்றலைக் கண்ட யூத ஆசிரியர், நீதிமான்கள் மரித்தும் ஜீவிக்கின்றனர் என்று போதித்தனர். மேலும், பத்துக் கற்பனைகள் அடங்கிய பாகத்தின் பெயர் ‘எத்திரோ’. அவர் இஸ்ரவேலர் அல்லர். மீதியான் தேசத்து ஆசாரியர். இஸ்ரவேலின் நியாயப்பிரமாணம் அந்நியர் ஒருவரின் பெயரால் வழங்குவது சிறிய செய்தியன்று.

பெயரிட்டவர் கருதாத பொருளைப் படிப்பவர் காணுதல் தகுமோ எனின், தகும். ஆயின் கண்டதைப் பெயரிட்டவர் கருத்தென்று சாதித்தலாகாது. இவ்வரம்பு தமிழ் கற்கும் நமக்கும் உரியதே. பூந்தமல்லி, ஆவடிப் பக்கத்து ஆலயங்களில் ஞாயிறுதோறும் அதிகாரமும் வசன எண்ணும் கேட்டு ஏட்டைத் திருப்பும் நாம், ஒருமுறை அப்பகுதியின் முதற்சொல்லில் சற்றே நிற்போமாக. பலகால் வாசிப்பவர்க்கே அச்சொல் வாய் திறக்கும்.