சின்ன பியூஸ், பெரிய காவல்

அத்திபெலே கர்நாடகத்தின் எல்லையில் உள்ள ஊர். அதைத் தாண்டினால் தமிழ்நாட்டின் ஓசூர். 1980-இல் டி.வி.எஸ். 50 வண்டி வெளிவந்தது அந்த ஓசூரிலிருந்துதான். அத்திபெலேயில் குடியிருந்து, பைக்கில் வேலைக்குப் போகிறவர்கள் பலர். வண்டி நின்றால் அன்றைய கூலியும் நின்றுவிடும்.

காலை ஷிப்டுக்கு நேரமாகிறது. சாவியைத் திருப்பினால் விளக்கு எரியவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. திறந்து பார்த்தால் பியூஸ் போயிருக்கிறது. கடை திறக்கவில்லை. அவசரத்தில் சிலர் என்ன செய்கிறார்கள்? பியூஸ் இருந்த இடத்தில் கம்பித் துண்டைச் சொருகுகிறார்கள். வண்டி ஓடுகிறது. ஆனால் ஆபத்தும் கூடவே ஓடுகிறது.

பியூஸுக்குள் மெல்லிய கம்பி இருக்கிறது. மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் அது உருகி அறுந்துவிடும். மின்சாரம் நின்றுவிடும். வயர் தப்பிக்கும். தடித்த கம்பியைச் சொருகினால் அது எளிதில் உருகாது. வயர்தான் சூடேறி உருகும். பெட்ரோல் டேங்குக்கு அடியில்தான் வயர்கள் போகின்றன. அங்கே தீப்பிடித்தால் என்ன ஆகும்?

பியூஸின் மேல் ஓர் எண் இருக்கும். 10, 15, 20 என்று இருக்கும். அதைப் படியுங்கள். அதே எண் உள்ள பியூஸையே போடுங்கள். புதிய பியூஸும் உடனே போனால், வேறு எங்கோ கோளாறு இருக்கிறது. மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வீட்டில் நடக்கும் வேறு தவறுகள்:

1. பேட்டரியில் முதலில் பிளஸ் வயரைக் கழற்றுவது. வண்டியின் இரும்புச் சட்டம் மைனஸோடு சேர்ந்திருக்கிறது. பிளஸைக் கழற்றும் ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். எனவே முதலில் மைனஸைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்ட வேண்டும்.

2. பெரிய பல்பு போடுவது. 12 வோல்ட் வண்டியில் 35 வாட் பல்பு சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வயர் சூடாகும்.

3. வயர்களை வெறுமனே முறுக்கி ஒட்டுவது. வண்டி அதிரும். மழைநீர் புகும். முறுக்கு தளர்ந்துவிடும்.

4. எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றுவது. மின்னழுத்தம் திடீரென்று ஏறும். பல்பும் மின்னணுக் கருவியும் கெட்டுவிடும்.

5. பகலில் எரியும் ஹெட்லைட்டின் வயரை அறுப்பது. அது கோளாறு அல்ல. 2017 ஏப்ரல் முதல் வந்த புதிய வண்டிகளில் அது சட்டப்படியான ஏற்பாடு. எதிரே வருபவர் நம்மைப் பார்க்கத்தான் அது எரிகிறது.

பேட்டரி சார்ஜ் ஆகும்போது எரியக்கூடிய வாயு வரும். அருகில் பீடி கூடாது. அமிலம் கண்ணில் பட்டால், நல்ல தண்ணீரால் தொடர்ந்து கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மின்சார ஸ்கூட்டரின் பெரிய பேட்டரியை வீட்டில் பிரிக்கவே கூடாது. அதன் மின்னழுத்தம் அதிகம்.

பியூஸ் சில ரூபாய்தான். வண்டிக்குள் எப்போதும் இரண்டு வைத்திருங்கள். அவசரக் காலையில் கம்பியைத் தேட வேண்டியிருக்காது.

பயிற்சி

1. பியூஸுக்குப் பதில் கம்பி போடுவது ஏன் தவறு?
2. பேட்டரியில் முதலில் எதைக் கழற்ற வேண்டும்? ஏன்?
3. உங்கள் வண்டியின் பியூஸில் உள்ள எண் என்ன? பார்த்து எழுதுங்கள்.