பேண்தகு சுற்றுலாவும் மலையகத் தோட்டங்களும்

க.பொ.த. (சாதாரண தரம்) – புவியியல்
கட்டுரை வினாவுக்கான பாடக் குறிப்பு



சுற்றுலாத்துறை பற்றிய வினா வந்தால் எம்மில் பலர் "அந்நியச் செலாவணி கிடைக்கிறது, வேலைவாய்ப்பு உருவாகிறது" என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். ஒரு நாள் ஹட்டனில் என் வகுப்பில் இதே விடையைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "மிஸ், எங்கம்மா கொழுந்து எடுக்கிறத வெள்ளைக்காரங்க படம் புடிச்சிக்கிட்டுப் போறாங்க. அந்தச் செலாவணியில எங்க வீட்டுக்கு என்னா வருது?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்ட கேள்விதான் இன்றைய பாடம். அதற்கு விடை எழுதத் தெரிந்தவர் பரீட்சையில் வரும் எந்தச் சுற்றுலா வினாவுக்கும் விடை எழுதலாம்.

1. வரைவிலக்கணங்கள்

பேண்தகு (நிலைபேறான) சுற்றுலா: இன்றைய பயணிகளின் தேவையை நிறைவேற்றும் அதேவேளை, அந்த இடத்தின் இயற்கையையும் பண்பாட்டையும் மக்களின் வாழ்க்கையையும் வருங்காலச் சந்ததிக்குக் கெடாமல் வைத்திருக்கும் சுற்றுலா. இக்கருத்து 1987 இல் வெளிவந்த புருண்ட்லாண்ட் ஆணைக்குழு அறிக்கையின் பேண்தகு அபிவிருத்திக் கொள்கையிலிருந்து வளர்ந்தது. ஐக்கிய நாடுகள் சபை 2017 ஆம் ஆண்டை அபிவிருத்திக்கான பேண்தகு சுற்றுலாவின் சர்வதேச ஆண்டாகப் பிரகடனம் செய்தது.

சமுதாய அடிப்படையிலான சுற்றுலா: ஒரு கிராமத்தின் அல்லது தோட்டத்தின் மக்கள் தாமே உரிமையாளராகவும் நிர்வாகியாகவும் இருந்து நடத்தி, வருமானத்தைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் சுற்றுலா.

இரண்டும் ஒன்று என்று எழுதிவிடாதீர்கள். ஒரு கம்பனியின் ஹோட்டல் நீரைச் சிக்கனமாகப் பாவித்து, மரம் நட்டு, குப்பையைப் பிரித்து அகற்றினால் அது பேண்தகு சுற்றுலாவின் பக்கம் வருகிறது. ஆனால் உரிமையும் தீர்மானமும் மக்களிடம் இல்லாவிட்டால் அது சமுதாய அடிப்படையிலான சுற்றுலா ஆகாது. "யார் வேலை செய்கிறார்கள்?" என்று மட்டும் பார்க்காமல் "யாருக்குச் சொந்தம், யார் தீர்மானிக்கிறார்கள்?" என்றும் கேட்க வேண்டும்.

2. எமது பிரதேசத்தின் சுற்றுலா வளங்கள்

அ) இயற்கை வளங்கள்: குளிர்ந்த காலநிலை; இலங்கையின் மிக உயரமான பீதுருதாலகால மலை (2524 மீற்றர்); ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்கா; தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள சென் கிளயர், டெவோன் நீர்வீழ்ச்சிகள். சிவனொளிபாத மலை வனப்பகுதி, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகிய மூன்றும் மத்திய உயர்நிலங்கள் என்ற பெயரில் 2010 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

ஆ) பண்பாட்டு வளங்கள்: டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரை நீடிக்கும் சிவனொளிபாத மலை யாத்திரை, தோட்டக் கோயில் திருவிழாக்கள், காமன் கூத்து, தப்பு முதலிய கலைகள்.

இ) பொருளாதார, வரலாற்று வளங்கள்: 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக அடிப்படையில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம், பழைய தேயிலைத் தொழிற்சாலைகள், மலைநாட்டுப் புகையிரதப் பாதை.

இப்பட்டியலில் மாணவர்கள் எழுத மறப்பது மனிதரையே. இம்மலைகளைப் பயிர்நிலமாக்கியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த எமது முன்னோர். அவர்களின் வருகையின் 200 ஆண்டுகள் 2023 இல் நினைவுகூரப்பட்டன. அந்த வரலாறும் ஒரு சுற்றுலா வளமே. அதைப் பயணிக்கு எடுத்துச்சொல்லும் தகுதி யாரையும் விட உங்களுக்கு உண்டு.

3. பணம் எங்கே போகிறது?

சுற்றுலாப் பயணி செலவிடும் பணத்தில் ஒரு பகுதி அவ்விடத்தில் தங்காமல் வெளியே செல்வதை வருமானக் கசிவு என்கிறோம். உள்ளே தங்கும் பணம் கைக்குக் கை மாறி மேலும் வருமானத்தை உண்டாக்குவது பெருக்கி விளைவு எனப்படும். விளங்கிக்கொள்வதற்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம்.

பயணி 1: கொழும்பு நிறுவனத்தின் வானில் வருகிறார். பெரிய ஹோட்டலில் தங்குகிறார். ஒரு நாள் செலவு ரூபா 40,000. தோட்டத்தில் இறங்கிப் படம் எடுத்துவிட்டு, வீதியோரக் கடையில் ரூபா 300 க்குத் தேநீரும் வடையும் வாங்குகிறார். தோட்டத்து மக்களுக்கு நேரடியாகக் கிடைத்தது ரூபா 300. ஹோட்டலில் தோட்டத்து இளைஞர் வேலை செய்தால் அவரது சம்பளத்தின் வழியாக இன்னும் சிறிது வரும்.

பயணி 2: நடந்து வருகிறார். குடியிருப்பில் ஒரு வீட்டில் தங்குகிறார். அறைக்கு ரூபா 4,000, சாப்பாட்டுக்கு 2,000, வழிகாட்டும் இளைஞருக்கு 2,000. மொத்தம் ரூபா 8,000. அரிசியும் காஸும் வெளியிலிருந்து வர 1,000 போனாலும் 7,000 உள்ளே தங்குகிறது. மரக்கறி விற்ற அயல்வீட்டாருக்கும் அதில் பங்கு உண்டு.

முதலாமவர் ஐந்து மடங்கு செலவிட்டார். ஆனால் அதிகம் விட்டுச்சென்றவர் இரண்டாமவரே. ஆகவே உள்ளூர் அபிவிருத்தியை எத்தனை பயணிகள் வந்தார்கள் என்பதால் மட்டும் அளக்க முடியாது. எவ்வளவு பணம் உள்ளே தங்கியது என்பதாலும் அளக்க வேண்டும்.

4. உதாரணங்கள்

அ) கம்பனிச் சுற்றுலா: கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று ஹோட்டலாக மாற்றப்பட்டுள்ளது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழவுள்ள பழைய துரை பங்களாக்கள் 2005 முதல் சிலோன் டீ டிரெயில்ஸ் என்ற பெயரில் உயர்தர விடுதிகளாக இயங்குகின்றன. இவை பழைய கட்டடங்களைப் பாதுகாத்துப் புதுப் பயன் தருகின்றன; வேலைவாய்ப்பும் தருகின்றன. ஆனால் உரிமை கம்பனிகளுடையது.

ஆ) பெக்கோ நடைபாதை: கண்டிக்கு அருகேயுள்ள ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன் பிரதேசம், ஹோட்டன் சமவெளி, ஹப்புத்தளை, எல்ல வழியாகச் சுற்றி நுவரெலியாவில் முடியும் நெடுந்தூர நடைபாதை இது. நீளம் 300 கிலோமீற்றருக்கும் அதிகம். 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யு.எஸ்.எயிட் நிறுவனமும் இதன் உருவாக்கத்துக்கு உதவின. புதிய வீதி எதுவும் வெட்டப்படவில்லை. அக்காலத்தில் தேயிலையும் ஆட்களும் போய்வந்த பழைய தோட்டப் பாதைகளே இணைக்கப்பட்டன. பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம ஆகிய இடங்களை இது தொடுகிறது. வாகனத்தில் கடந்துபோகும் பயணிக்குத் தேநீர்கூடத் தேவைப்படாது. நடந்து வருபவருக்கோ தண்ணீர், உணவு, வழிகாட்டி, இரவு தங்க இடம் எல்லாம் தேவை. அத்தேவைகள்தான் எமது மக்களின் வாய்ப்பு.

இ) கேரளா, குமரகம்: 2008 அளவில் கேரள அரசு இங்கு பொறுப்புள்ள சுற்றுலாத் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் மரக்கறி பயிரிட, ஹோட்டல்கள் அவற்றை வாங்க ஏற்பாடு செய்யப்பட்டது. பாய் முடைதல், கயிறு திரித்தல், மீன்பிடி முதலிய அன்றாடத் தொழில்களைக் காட்டும் கிராமச் சுற்றுலாவும் உருவானது. கசிவைக் குறைப்பதற்கு இது நல்ல உதாரணம்.

5. உள்ளூர் அபிவிருத்திக்குக் கிடைக்கும் நன்மைகள்

* துணை வருமானம்: தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2021 இல் ரூபா 1,000 ஆகவும் 2024 இல் ரூபா 1,350 ஆகவும் உயர்த்தப்பட்டது. மாதத்தில் சில பயணிகள் வந்தாலும் அது கணிசமான மேலதிக வருமானம்.
* இளைஞர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலை தேடிப் போவது ஓரளவு குறையும்.
* பெண்களின் கைக்கு நேரடியாகப் பணம் வரும்.
* பயணிக்காகச் சீர்செய்யும் பாதை, குடிநீர், மலசலகூடம் ஆகியவை மக்களுக்கும் பயன்படும்.
* மறைந்துவரும் கூத்து, பாட்டு, உணவு வகைகள் மதிப்புப் பெறும்.
* வனமும் நீரூற்றும் வருமானம் தருபவை என்று உணரும் மக்கள் அவற்றைப் பாதுகாப்பர்.

6. தடைகள்

அ) காணி உரிமை: இதுவே முதன்மையான தடை. தோட்டங்கள் 1972, 1975 ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாக்கப்பட்டன. 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகள் அவற்றை நிர்வகிக்கின்றன. லயன் அறையில் தலைமுறைகளாக வாழ்ந்தாலும் அது குடும்பத்தின் சொத்து அன்று. உறுதிப் பத்திரம் இல்லாத அறையை விருந்தினர் இல்லமாகப் பதிவுசெய்வதும் அதை வைத்து வங்கிக் கடன் பெறுவதும் கடினம். 7 பேர்ச் காணியில் கட்டப்பட்டுவந்த தனி வீடுகள் இந்நிலையை ஓரளவு மாற்றினாலும் லயத்தில் வாழ்வோர் இன்னும் பலர்.

ஆ) வேலைச் சுமை: காலையில் மலைக்குப் போய் மாலையில் திரும்பும் தாய், அதன்பின் விருந்தினருக்கும் சமைக்க வேண்டுமா? வேலையைக் குடும்பத்தில் எல்லோரும் பகிராவிட்டால் நன்மையே சுமையாகும்.

இ) மொழி, பயிற்சி, சுகாதார வசதி ஆகியவற்றின் குறைவு.

ஈ) சூழல் பாதிப்பு: யாத்திரைக் காலத்தில் சிவனொளிபாத மலைப் பாதையில் சேரும் குப்பை நீங்கள் கண்டதுதான். ஓர் இடம் கெடாமல் தாங்கக்கூடிய பயணிகளின் அளவு தாங்குதிறன் எனப்படும். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியா நகரில் வாகன நெரிசல் எல்லை மீறுவதை இதற்கு உதாரணமாகக் காட்டலாம்.

உ) நிச்சயமின்மை: 2018 இல் இலங்கைக்கு சுமார் 23 இலட்சம் பயணிகள் வந்தனர். 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல், பின் கொரோனா ஆகியவற்றால் 2021 இல் அது 2 இலட்சத்துக்கும் கீழே விழுந்தது. 2024 இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையும் மண்சரிவும் மலைநாட்டின் வீடுகளையும் வீதிகளையும் புகையிரதப் பாதையையும் சிதைத்தன. ஆகவே சுற்றுலா துணைத் தொழிலாக இருக்க வேண்டும். ஒரே தொழிலாக அதை நம்பக்கூடாது.

ஊ) கண்ணியம்: பறிப்பவரைக் கேட்காமல் படம் எடுப்பதும் லயத்தைக் காட்சிசாலை போல் பார்ப்பதும் சுற்றுலாவின் சமூகத் தீமைகள்.

7. செய்ய வேண்டியவை

* வீட்டுக்கும் காணிக்கும் உறுதிப் பத்திரம் வழங்குதல்.
* தோட்ட மட்டத்தில் சுற்றுலாச் சங்கம் அமைத்து, முறைவைத்து விருந்தினரைப் பகிர்தல். வருமானத்தில் ஒரு பங்கைப் பாலர் பாடசாலை, குடிநீர் போன்ற பொது வேலைக்கு ஒதுக்குதல்.
* 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின்கீழ் அமைந்த இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் விருந்தோம்பல் இல்லங்களைப் பதிவுசெய்தல்.
* இளைஞருக்கு ஆங்கிலம், முதலுதவி, வழிகாட்டிப் பயிற்சி அளித்தல்.
* ஹோட்டல்கள் உள்ளூர் மரக்கறி, பால், தேயிலையை வாங்க ஒப்பந்தம் செய்தல்.
* பயணிகளுக்கான ஒழுங்கு விதிகளைச் சங்கமே எழுதித் தொங்கவிடுதல். முதல் விதி: கேட்ட பின்னரே படம் எடுக்கவும்.

8. மாதிரி வினா

(i) சமுதாய அடிப்படையிலான சுற்றுலா என்றால் என்ன? (2 புள்ளிகள்)
(ii) மலைநாட்டின் சுற்றுலா வளங்கள் மூன்றைக் குறிப்பிடுக. (3 புள்ளிகள்)
(iii) தோட்டப் பகுதிகளில் இதை வளர்ப்பதற்குள்ள தடைகள் இரண்டை விளக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்வு தருக. (5 புள்ளிகள்)

விடை எழுதும் முறை: (i) இல் உரிமை, நிர்வாகம், வருமானப் பகிர்வு ஆகிய மூன்று சொற்களும் இடம்பெற வேண்டும். (ii) இல் பொதுவாக "நீர்வீழ்ச்சிகள்" என்னாமல் பெயரைக் குறிப்பிடுங்கள். (iii) இல் தடையையும் தீர்வையும் சோடியாக எழுதுங்கள். காணி உரிமையைத் தடையாக எழுதினால் உறுதிப் பத்திரமே தீர்வாக வர வேண்டும். அங்கே மரநடுகையை எழுதினால் புள்ளி கிடைக்காது.

9. செயற்பாடு

உங்கள் தோட்டத்தின் வரைபடம் ஒன்றை வரையுங்கள். பயணி ஒருவர் காணக்கூடிய ஐந்து இடங்களைக் குறியுங்கள். ஒவ்வோர் இடத்திலும் அவர் எதற்குப் பணம் கொடுப்பார், அப்பணம் யாருடைய கைக்குப் போகும் என்று எழுதுங்கள். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் அவ்விடங்களின் பழைய பெயர்களையும் கதைகளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று கேள்வி கேட்ட மாணவிக்கு நான் உடனே விடை சொல்லவில்லை. அடுத்த வகுப்பில் மேலே உள்ள இரண்டு பயணிகளின் கணக்கையும் எழுதிப்போட்டேன். அவள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டே, "அப்ப முதல்ல வீடு எங்க பேர்ல இருக்கணும் மிஸ்" என்றாள். (iii) ஆம் பகுதிக்கான சரியான விடை அதுதான்.

வரைபடம் வரைந்து முடித்ததும் மாதிரி வினாவுக்குக் குறிப்பைப் பார்க்காமல் விடை எழுதிப் பாருங்கள். பரீட்சையில் சித்தியடைய வாழ்த்துகள்.