ஊர் புதிது, விதி ஒன்று

புனேயில் விஷ்ராந்த்வாடி என்ற பகுதி. அங்கே தங்கை வீட்டுக்கு, வேலூரிலிருந்து அண்ணன் காரில் வந்தார்.

"இரவில் ஓட்டினீர்களா, அண்ணா?"

"இல்லை அம்மா. ஹூப்ளியில் தங்கினேன். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் கையில் இருந்தன."

"பலகைகளில் மராத்தி எழுத்தாயிற்றே?"

"சிவப்பு வட்டத்துக்குள் எண் இருந்தால் அது வேக வரம்பு. எல்லா மாநிலத்திலும் அப்படித்தான். ஒரு சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 'சாவகாஷ்' என்றால் மெதுவாக. நம் சாவகாசம்தான்!"

"காத்ரஜ் சுரங்கம் தாண்டினால் இறக்கமாயிற்றே?"

"ஆமாம். நவலே பாலம் வரை இறக்கம். 2022 நவம்பரில் அங்கே ஒரு லாரி பல வண்டிகள் மீது மோதியது. டீசலை மிச்சம் பிடிக்கச் சிலர் இறக்கத்தில் என்ஜினை நிறுத்துவார்கள், நியூட்ரலில் விடுவார்கள். அப்போது முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். பிரேக் சூடாகும், பிடிக்காது. நான் கியரைக் குறைத்து, மெதுவாக வந்தேன்."

தங்கை நிம்மதியாகச் சிரித்தாள்.

நினைவில் கொள்க: அவசர உதவிக்கு 112. ஆம்புலன்ஸுக்கு 108.

பயிற்சி
1. இறக்கத்தில் என்ஜினை ஏன் நிறுத்தக் கூடாது?
2. அண்ணன் எடுத்துச் சென்ற நான்கு சான்றுகள் எவை?
3. உங்கள் ஊர்ச் சாலையில் உள்ள வேக வரம்பைப் பார்த்து எழுதுங்கள்.