பண்ணைப் பக்கம் போறீங்களோ? அக்கா சொல்லுறதையும் கேளுங்கோ

தங்கச்சிமாரே, வருசம் முழுக்க ஓடுற ஆறு எங்கட குடாநாட்டில இல்லை. வழுக்கையாறும் மாரி மழைக்கு மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலில விழுந்திடும். ஆத்தங்கரையில நடக்கிற சுகத்தை எங்களுக்குத் தாறது பண்ணைக் கடல்தான். ரவுண் பஸ் ஸ்ராண்டில இருந்து நடந்தே போயிடலாம். ஒரு பக்கம் முருகைக்கல்லில கட்டின கோட்டை மதில், மற்றப் பக்கம் அலையில்லாத களப்பு. நடக்கவும் சைக்கிள் ஓடவும் ரவுணுக்குள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் போற ஆக்களில கனபேர் நேரங்கெட்ட நேரத்தில போய், வெயிலையும் காத்தையும் வாங்கிக்கொண்டு, "இனிப் போகேலாது" எண்டு வருகினம். அதுக்காகத்தான் இதை எழுதுறன்.

முதல்ல காத்தைப் படியுங்கோ. பண்ணைப் பாலம் ரவுணில இருந்து மேற்குப் பக்கமா வேலணைக்குப் போகுது. வைகாசியில இருந்து புரட்டாதி மட்டும் சோழகம் தென்மேற்கில இருந்து அடிக்கும். அப்ப போகேக்க முகத்தில அடிக்கும், வரேக்க முதுகில கை வைச்சுத் தள்ளும். இது எங்களுக்கு நல்லது. கால் களைக்க முதலே கஷ்டமான பாதி முடிஞ்சிடும். கார்த்திகையில இருந்து மாசி மட்டும் வாடை வடகிழக்கால வரும். அப்பதான் கவனம். போகேக்க மிதிக்கவே தேவையில்லை எண்டிருக்கும், அந்தச் சந்தோசத்தில வேலணை மட்டும் போயிடுவியள், திரும்பேக்கதான் கண்ணால தண்ணி வரும். வாடை நாளில மண்டைதீவுக்கு இடப்பக்கம் பிரியிற சந்தியோட திரும்புங்கோ. காத்து எந்தப் பக்கம் எண்டு விளங்காட்டில், நங்கூரம் போட்டு நிக்கிற வள்ளங்களைப் பாருங்கோ. அணியம் எந்தப் பக்கம் திரும்பி நிக்குதோ அங்கயிருந்துதான் காத்து வருகுது. பங்குனி, சித்திரையில காத்து அடங்கியிருக்கும். புதுசாப் பழகிற ஆக்கள் அப்பத் தொடங்குங்கோ.

நேரம் எண்டால் என்ர தெரிவு விடியக் காலமைதான். சூரியன் மாதத்தைப் பொறுத்து ஆறு, ஆறரை போல வரும். அதோட வெளிக்கிட்டால் எட்டு மணிக்கு முதல் வீட்ட வந்திடலாம். பாலத்தில மர நிழல் எண்ட பேச்சே இல்லை. ஒன்பது மணி வெயில் தண்ணியில பட்டுத் திரும்பி முகத்தை எரிக்கும். பின்னேரம் போறதெண்டால் நாலரைக்குப் பிறகு போங்கோ. ஆடியில ஆறரை மட்டும் வெளிச்சம் இருக்கும், கார்த்திகையில ஆறு மணிக்கு முதலே பொழுது பட்டிடும். இருட்ட முதல் பாலத்தை விட்டு இறங்கிடவேணும்.

போயா நாளும் சனி ஞாயிறும் பாலத்தில சைக்கிள் ஓடப் பாக்காதேங்கோ. நயினாதீவுக்குப் போற வானும் பஸ்ஸும் குறிகட்டுவான் ஜெற்றியைப் பிடிக்க விடியவே இதாலதான் பறக்கும். ஆனி மாதத்தில நாகபூசணி அம்மன் திருவிழா நாளுகளில சொல்லவே வேண்டாம். அந்த நாளுகளில கோட்டையடிக் கரையோட நடந்திட்டு வாங்கோ. மற்ற நாளிலயும் இடப்பக்கம், ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர். இரண்டு பேர் பக்கத்தில பக்கத்தில கதைச்சுக்கொண்டு ஓடுறது ஒழுங்கைக்குள்ள சரி, பாலத்தில வேண்டாம்.

சைக்கிள் லுமாலாவோ பழைய ஏசியாவோ, அது பிரச்சினையில்லை. வெளிக்கிட முதல் ரயரைப் பெருவிரலால அமத்திப் பாருங்கோ, இரண்டு பிறேக்கையும் பிடிச்சுப் பாருங்கோ. பாலத்தின்ர நடுவில காத்துப் போனால் ஒட்டுப்போட கடை இல்லை, ரவுண் மட்டும் உருட்டிக்கொண்டுதான் வரவேணும். ஷோலைப் பின்னால இறுக்கி முடிஞ்சு விடுங்கோ. பாவாடை போட்டால் செயின் கவர் இல்லாத சைக்கிளை எடுக்காதேங்கோ. ஒரு போத்தல் தேசிக்காய்த் தண்ணிக்குள்ள கொஞ்சம் உப்பும் போட்டுக் கொண்டு போங்கோ. ஒதுங்கிறதுக்கும் வழியில இடம் இல்லை, வீட்டிலயே போயிட்டு வெளிக்கிடுங்கோ.

வீட்ட வந்த உடன செய்யிற வேலை ஒண்டு இருக்கு, அதைப் பஞ்சிப்படாமல் செய்யவேணும். பண்ணைக் காத்தில உப்பு இருக்கு. ஹாண்டிலிலும் கம்பியளிலும் விரலை வைச்சுத் தேய்ச்சுப் பாருங்கோ, பிசுபிசு எண்டு ஒட்டும். நல்ல தண்ணியில துணியை நனைச்சுத் துடைச்சு, காய்ஞ்ச பிறகு செயினுக்குத் தையல் மெசின் எண்ணெய் இரண்டு மூண்டு துளி விடுங்கோ. தேங்காய் எண்ணெய் விடாதேங்கோ, புழுதியை இழுத்துக் கறுப்பாப் பிடிச்சிடும்.

விடிய நாய் துரத்தினால் ஓடித் தப்பப் பாக்காதேங்கோ. இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில வைச்சுக்கொண்டு மெல்ல நடவுங்கோ. வேகம் குறைஞ்சால் அனேகமான நாயள் தானா விட்டிடும்.

இனிப் பாக்கிறதுக்கு. களப்பு ஆழமில்லாதது, கன இடங்களில ஆள் இறங்கி நிக்கலாம். தண்ணிக்குள்ள வரிசையாத் தடி நட்டு வலை கட்டியிருக்கும், அதுதான் சிறகுவலை. விடிய ஒருத்தர் இடுப்பளவு தண்ணியில நிண்டு அதைத் தூக்கிறதைப் பாத்துக்கொண்டு நிக்கலாம். முதல்ல சாதாளை கொத்தா வரும், அதை உதறி எறிஞ்ச பிறகுதான் அடியில துள்ளுற இறால் தெரியும். அவையின்ர வேலை நேரம் அது, கேக்காமல் போனைத் தூக்கிப் படம் எடுக்காதேங்கோ. மாரி முடியிற நேரம் பூநாரையள் கூட்டமா வந்து இறங்கும். கிட்டப் போகவேணும் எண்டு சேத்துக்குள்ள இறங்காதேங்கோ. கால் புதைஞ்சிடும், பறவையும் எழும்பிப் போயிடும். றோட்டில நிண்டே வடிவாப் பாக்கலாம்.

கோட்டையையும் ஒருக்கா நிண்டு பாருங்கோ. போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கினது. ஒல்லாந்தர் 1658 இல பிடிச்சு, பிறகு ஐங்கோணமாத் திருப்பிக் கட்டினவை. 1990 இல கோட்டையைச் சுத்திச் சண்டை நடக்கேக்க இந்தக் கரையில ஆக்கள் தலைகாட்டேலாது. இண்டைக்கு நாங்கள் அதே மதிலோரம் உலாத்துறம். இதைச் சின்ன விசயமா நான் நினைக்கேல்லை.

தூரம் ஏலாத அம்மாமாருக்கும் சின்னப் பிள்ளையளுக்கும் ஆரியகுளம் இருக்கு. 2021 கடைசியில திருத்தித் திறந்தவை, குளத்தைச் சுத்தி நடைபாதை. அங்க கொஞ்ச நாள் நடந்து பழகிப்போட்டுப் பண்ணைக்கு வாங்கோ. பொழுதுபடுற நேரம் நுளம்பு வரும், கால் மூடின உடுப்பு நல்லது.

பொம்பிளைப் பிள்ளையள் தனிய நடந்தால், சைக்கிள் ஓடினால் ஊர் கதைக்கும் எண்டு பயப்பிடுறியளோ? பெற்றோல் தடை இருந்த தொண்ணூறுகளில எங்கட அம்மாமார் இதே சைக்கிளில விறகும் அரிசியும் பிள்ளையும் ஏத்திக்கொண்டு குடாநாடு முழுக்க ஓடினவை. 2022 இல பெற்றோல் வரிசை நீண்டாப் பிறகு திரும்பவும் வீடு வீடாச் சைக்கிள் வெளியில வந்தது. வேலைக்குச் சைக்கிள் ஓடினால் சரி, உடம்புக்கும் மனதுக்கும் ஓடினால் பிழை எண்டு சொல்லுறது நியாயமில்லை. அதுக்காகக் கவனத்தை விடாதேங்கோ. முதல் முதல் போகேக்க ஒரு சிநேகிதியோட போங்கோ, எத்தினை மணிக்கு வருவன் எண்டு வீட்டில சொல்லிப்போட்டுப் போங்கோ. ஆரும் பின்தொடர்ந்தால் ஆக்கள் நிக்கிற பக்கம் திரும்பி வந்து 119 க்கு அடியுங்கோ. பெண்களுக்கான உதவிக்கு 1938. விழுந்து அடிபட்டால் 1990 அம்புலன்ஸ், காசு கேக்க மாட்டினம்.

கடைசியா ஒண்டு. கச்சான் சாப்பிட்ட பையையும் குடிச்ச போத்தலையும் கரையில விட்டிட்டு வராதேங்கோ. காத்து அதைத் தூக்கித் தண்ணிக்குள்ள போட்டால், அது போய்ச் சிக்கிறது சிறகுவலையில. குருநகரிலும் பாசையூரிலும் எத்தினையோ வீடுகளில அடுப்பெரியிறது இந்தக் களப்பு இறாலாலயும் நண்டாலயும்தான். போகேக்கயே ஒரு வெறும் பையை ஹாண்டிலில கொழுவிக்கொண்டு போங்கோ, உங்கட குப்பையோட வழியில கிடக்கிற இரண்டு போத்தலையும் சேத்து எடுத்து வாங்கோ.