இயலாமைக் காப்பீட்டு கிளெய்ம் மறுக்கப்பட்டதா? வக்கீல் இல்லாமலே மேல்முறையீடு செய்யும் வழி

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நிறுவனம் வழியாகக் கிடைக்கும் நீண்டகால இயலாமைக் காப்பீடு பெரும்பாலும் ஊழியர் நலத் திட்டங்களுக்கான 1974-ஆம் ஆண்டின் எரிசா (ERISA) சட்டத்துக்குள் வருகிறது. கிளெய்ம் மறுக்கப்பட்டால், முதலில் காப்பீட்டு நிறுவனத்திடமே மேல்முறையீடு செய்ய வேண்டும். அதற்கு வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் இதைச் சடங்காக நினைக்காதீர்கள். பின்னால் வழக்கு நடந்தால், நீதிபதி பெரும்பாலும் இந்த மேல்முறையீடு முடியும்போது கிளெய்ம் கோப்பில் இருப்பதை மட்டுமே பார்ப்பார். ஆதாரம் சேர்க்க இதுவே கடைசி வாய்ப்பு.

1. கெடுவைக் குறித்து வையுங்கள். மறுப்புக் கடிதம் கைக்கு வந்ததிலிருந்து 180 நாள் அவகாசம் உண்டு. அதைத் தவறவிட்டால் வழக்குப் போடும் உரிமையும் போய்விடலாம்.

2. கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கிளெய்ம் கோப்பு முழுவதையும் பாலிசியையும் எழுத்து மூலம் கேளுங்கள். கோப்பை இலவசமாகத் தர வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர் என்ன எழுதினார், எந்த அறிக்கையைப் பார்க்காமல் விட்டார் என்பதெல்லாம் அதில் தெரியும்.

3. ‘இயலாமை’க்குப் பாலிசி தரும் விளக்கத்தைப் படியுங்கள். பல பாலிசிகளில் முதல் 24 மாதம் உங்கள் வேலையைச் செய்ய முடியாது என்று காட்டினால் போதும். அதன்பின் உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற எந்த வேலையும் முடியாது என்று காட்ட வேண்டும்.

4. மருத்துவரிடம் விரிவான கடிதம் வாங்குங்கள். நோயின் பெயர் மட்டும் போதாது. எவ்வளவு நேரம் உட்கார முடியும், எத்தனை பவுண்டு தூக்க முடியும், மாதத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாமல் ஆகும் என்பதைப் பரிசோதனை முடிவுகளோடு எழுதச் சொல்லுங்கள்.

5. மற்ற சான்றுகளையும் சேருங்கள். வேலையின் பொறுப்புகளைச் சொல்லும் விவரமும், உடன் வேலை செய்தவர்களும் வீட்டாரும் தரும் கடிதங்களும் உதவும். சோஷியல் செக்யூரிட்டி இயலாமைத் தொகை கிடைத்திருந்தால் அதற்கான ஆணையையும் வையுங்கள். 2018 ஏப்ரல் 1-க்குப் பின் போட்ட கிளெய்ம்களில், அந்த ஆணையையோ உங்கள் மருத்துவரின் கருத்தையோ ஏற்காவிட்டால் நிறுவனம் காரணம் சொல்லியாக வேண்டும்.

6. கடிதத்தைக் கோபமில்லாமல் எழுதுங்கள். மறுப்புக்குச் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி, ஆதாரத்தின் பக்க எண்ணைக் குறிப்பிடுங்கள். ஒப்புகைச் சீட்டுடன் தபாலில் அனுப்பி, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

7. அனுப்பியபின் கவனமாக இருங்கள். 45 நாளில் முடிவு வர வேண்டும்; தக்க காரணம் இருந்தால் இன்னும் 45 நாள் எடுக்கலாம். இடையில் நிறுவனம் உங்களுக்கு எதிராகப் புதிய மருத்துவ அறிக்கை வாங்கினால், முடிவுக்கு முன்பே உங்களிடம் காட்டி, பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும்.

அரசு ஊழியர்கள், தேவாலய ஊழியர்கள், சொந்தமாகப் பாலிசி எடுத்தவர்கள் பொதுவாக எரிசாவுக்குள் வரமாட்டார்கள். சொந்தப் பாலிசி என்றால் மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் புகார் செய்யலாம். எரிசா பற்றிய சந்தேகங்களுக்கு மத்திய தொழிலாளர் துறை இலவசமாக ஆலோசனை தருகிறது.

நோயோடு போராடும்போது காகிதங்களோடும் போராடுவது கொடுமைதான். வீட்டில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இன்றைக்கே கோப்பைக் கேட்டு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்.